புதிய சர்க்கரை மாத்திரை சேர்த்த பிறகு ஓயாமல் திரும்பிவரும் ஈஸ்ட் தொற்று: எதைச் சரிசெய்ய வேண்டும்?

கேள்வி
பதிவர்: காவிரிக்கரை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 56. மாதவிடாய் நின்று ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துவருகிறேன். ஐந்து மாதங்களுக்கு முன் மருத்துவர் அவற்றோடு டாபாக்ளிஃப்ளோசின் 10 மில்லிகிராம் மாத்திரையைச் சேர்த்தார். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.6இலிருந்து 7.4க்கு இறங்கியது, எடையும் மூன்று கிலோ குறைந்தது. அந்த வகையில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் மாத்திரையைத் தொடங்கிய ஐந்தாவது வாரத்தில் பிறப்புறுப்பில் தாங்க முடியாத அரிப்பும், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும், திரிந்த பால் போன்ற வெள்ளைப்படுதலும் தொடங்கின. நாற்றம் எதுவும் இல்லை. எங்களுடைய மருத்துவர் ஆண் என்பதால் அவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, மருந்துக்கடையில் கேட்டு, பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்றும் ஒரு களிம்பும் வாங்கினேன். நான்கு நாட்களில் அடங்கியது. மூன்று வாரத்தில் திரும்பியது. மறுபடியும் அதே மருந்து, அதே நிம்மதி, அதே திரும்புதல். மூன்றாம் முறை களிம்பை மட்டும் போட்டேன். இப்போது நான்காம் முறை வந்திருக்கிறது. இம்முறை மார்பகத்தின் அடிமடிப்பிலும் தோல் சிவந்து ஈரமாக உரிகிறது.

ஈஸ்ட் என்பது புளித்த மாவில் இருப்பதுதானே, இட்லி, தோசை, தயிர், ரொட்டி எல்லாவற்றையும் நிறுத்து என்கிறாள் என் தங்கை. உடற்சூடு என்கிறார்கள் மற்றவர்கள். மருந்துக்கு அடங்காத பூஞ்சை ஒன்று பரவுவதாகச் செய்தியில் படித்ததிலிருந்து அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. இந்தத் தொற்று உடலுக்குள் எங்கிருந்து வருகிறது? இட்லியை நிறுத்த வேண்டுமா, மாத்திரையை நிறுத்த வேண்டுமா? என் கணவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அவரும் மருந்து எடுக்க வேண்டுமா?


மறுமொழி 1
பதிவர்: நுண்ணோக்கி

அம்மா, முப்பது ஆண்டுகள் ஒரு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவன் அல்லன் என்பதால் சிகிச்சையைப் பற்றிப் பேசமாட்டேன். கிருமியைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் இட்லிக்கு விடுதலை கொடுத்துவிடுவோம். அரைத்த மாவு பொங்குவதற்கு முதன்மைக் காரணம் லூகோநோஸ்டாக் முதலான லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். ஈஸ்ட்களும் மாவில் உண்டு என்றாலும் அவை துணைப் பாத்திரம்தான். ஆவியில் வெந்த இட்லியில் அவை உயிரோடு இருப்பதில்லை. ரொட்டியைப் பொங்கவைக்கும் சாக்கரோமைசிஸ் என்ற ஈஸ்ட்டும் உங்களுக்குத் தொல்லை தரும் கேண்டிடாவும் ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளைப் போன்றவை. ஒன்றின் குற்றத்துக்கு மற்றொன்றைத் தண்டிக்க முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: மாவைப் புளிக்கவைக்கும் அந்தப் பாக்டீரியாக்களுக்கு நெருங்கிய உறவான லாக்டோபாசில்லஸ்தான், குழந்தை பெறும் வயதில் பெண்ணின் பிறப்புறுப்பில் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து அதன் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 3.8க்கும் 4.5க்கும் இடையில் வைத்துக் காவல் காக்கிறது.

கேண்டிடா வெளியிலிருந்து வந்த திருடனும் அன்று. நலமாக இருப்பவர்களிலும் பெரும்பாலானோரின் வாயிலோ குடலிலோ தோல் மடிப்பிலோ பிறப்புறுப்பிலோ அது சத்தமில்லாமல் குடியிருக்கிறது. அப்போது அது மொட்டு விட்டுப் பெருகும் சிறு உருண்டை. காவல் தளர்ந்தாலோ தீனி மிகுந்தாலோ கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற முக்கியமான வகை நூல் போல நீண்டு, திசுவின் மேலடுக்குக்குள் நுழைகிறது. அரிப்பும் சிவப்பும் அப்போதுதான் தொடங்குகின்றன. நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை சாப்பிட்டபின் சிலருக்கு வெள்ளைப்படுவது, லாக்டோபாசில்லஸும் சேர்ந்து மாண்டுபோவதால். பல்செட்டை இரவிலும் கழற்றாத முதியவருக்கும், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு உறிஞ்சிவிட்டு வாய் கொப்பளிக்காதவருக்கும் நாக்கில் வெள்ளை படிவது அந்த இடத்துக் காவல் தளர்வதால். நாள் முழுவதும் பாத்திரம் துலக்குகிறவர்களின் விரலிடுக்கு வெந்து வெளுப்பதிலும் இதே கேண்டிடாவுக்குப் பங்கு உண்டு.

உங்கள் பதிவில் என்னைக் கவர்ந்தது வயதுதான். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடுவதால் ஈஸ்ட் தொற்று பொதுவாக அரிதாக வேண்டும். 56 வயதில் அது நான்கு முறை வருகிறதென்றால் அதற்குப் புதிதாகத் தீனி கிடைத்திருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் ஐந்தாவது வாரக் கணக்கை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

இந்நான்கு முறையில் ஒருமுறையாவது கசிவை எடுத்து யாரேனும் பார்த்தார்களா? கண்ணாடித் துண்டில் கசிவை வைத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு சொட்டு விட்டால் மற்ற செல்கள் கரைந்து பூஞ்சை மட்டும் பளிச்சென்று தெரியும். சில நிமிட வேலை. ஆனால் சர்க்கரை நோயாளிகளிடம் அடிக்கடி காணப்படும் கேண்டிடா கிளாப்ரேட்டா என்ற மற்றொரு வகை நூலாக நீளாது, சிறு உருண்டையாகவே கிடக்கும். அவசரமாகப் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே பூஞ்சை வளர்க்கும் சபூரோ ஊடகத்தில் வளர்த்து இனத்தையும் அறியும்படி கேளுங்கள். கிளாப்ரேட்டாவுக்கு ஃப்ளூகோனசோல் சரிவரக் கேட்காது என்பதால் இந்தக் கேள்வி வெறும் ஆய்வக ஆர்வமன்று.

செய்தியில் நீங்கள் படித்தது கேண்டிடா ஆரிஸ் என்ற வகையாக இருக்கும். 2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்டதால் அதற்கு லத்தீனில் காதைக் குறிக்கும் பெயர். 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சைகளின் பட்டியலில் மிக ஆபத்தான பிரிவில் அது இருக்கிறது. ஆனால் அது தீவிர சிகிச்சைப் பிரிவில், இரத்தக் குழாயில் செருகிய குழாய்களின் வழியே, மிகவும் நலிந்தவர்களின் இரத்தத்தில் புகும் நோய். வீட்டில் நடமாடும் உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.


மறுமொழி 2
பதிவர்: வேப்பமரத்தடி

ஆசிரியைக்கு வணக்கம். எங்கள் வீட்டில் என் மாமியார் காலத்திலிருந்து இதற்குப் படிகாரம் கரைத்த வெந்நீரால் உள்ளே கழுவுவதும், தயிரில் நனைத்த துணியை வைப்பதும் வழக்கம். எனக்கே இரண்டு முறை அரிப்பு அடங்கியிருக்கிறது. வேப்பிலை வேகவைத்த நீரும் நல்லது. மருந்துக்கடை மாத்திரைகளை அடுக்கிக்கொண்டே போவதைவிட இவற்றை ஒருமுறை முயன்று பார்க்கலாமே என்பது என் எண்ணம்.


மறுமொழி 3
பதிவர்: பாலக்கரை வாசகர்

சகோதரி, எனக்கு வயது 61, ஆண். இதே மாத்திரை எனக்கும் சென்ற ஆண்டு தொடங்கப்பட்டது. இரண்டு மாதத்தில் ஆணுறுப்பின் முன்தோல் சிவந்து, வெடித்து, தோலைப் பின்னுக்கு இழுக்கவே முடியாத நிலை வந்தது. ஏதோ தகாத நோய் என்று மனைவி தவறாக எண்ணிவிடுவாளோ என அஞ்சி ஆறு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு இணையத்தில் படித்துவிட்டு நானாகவே மாத்திரையை நிறுத்தினேன். புண் ஆறியது, ஆனால் அடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 210 காட்டியது. மருத்துவர் திட்டினார். என் சிறுநீரில் புரதம் கசிகிறதாம். சிறுநீரகத்தைக் காக்கத்தான் அந்த மாத்திரையை எழுதினாராம். அதை முன்பே சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருக்கமாட்டேன் என்று நானும் சற்றுக் கோபமாகத்தான் பதில் சொன்னேன்.

பிறகு களிம்பு இரண்டு வாரம் போட்டு, மாத்திரையை மீண்டும் தொடங்கினோம். ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்தபின்னும் வெறும் தண்ணீரால் கழுவி, துணியால் ஒற்றி உலர்த்தச் சொன்னார். அவ்வளவுதான். கடையில் இருக்கும்போது இதைச் செய்வது தொல்லைதான் என்றாலும், ஏழு மாதங்களாகத் திரும்பவில்லை.


மறுமொழி 4
பதிவர்: தோல் மருத்துவர், தென்மாவட்டம்

அம்மா, மேலே இருவர் தொட்டுக்காட்டியதை நான் விரித்துச் சொல்கிறேன். நேரில் பாராமல் எழுதுவதால் இதை மருந்துச்சீட்டாகக் கொள்ள வேண்டாம்.

நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, ஏறத்தாழ முழுவதையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. அந்த உறிஞ்சும் வாயிலில் முக்கியமானதை டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் அடைத்துவிடுவதால், நாளுக்குச் சுமார் 70 கிராம் வரை சர்க்கரை சிறுநீரோடு வெளியேறுகிறது. உங்கள் எடை குறைந்ததற்கும் சராசரி இறங்கியதற்கும் அதுவே காரணம். கேண்டிடாவுக்கு விருந்து கிடைத்ததற்கும் அதுவே காரணம். மருந்தின் ஒப்புதலுக்கான ஆய்வுகளில், 10 மில்லிகிராம் எடுத்துக்கொண்ட பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேருக்கும், மருந்தில்லா மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 1.5 பேருக்கும் பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்று வந்தது. ஆண்களில் அது 2.7க்கு எதிராக 0.3. இந்தியாவில் 2020இல் டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து விலை சரிந்தபின் இது சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டும் மருந்தாயிற்று. நல்ல செய்திதான், ஆனால் எழுதிக் கொடுக்கும்போது இந்த ஒரு வாக்கியத்தையும் சொல்லி அனுப்பும் பழக்கம் எங்கள் தொழிலில் இன்னும் வேரூன்றவில்லை. இந்த மாத்திரை எடுக்கும் வரை சிறுநீரில் சர்க்கரை எப்போதும் இருக்கும் என்பதால், ஆய்வக அறிக்கையில் நான்கு கூட்டல் குறி கண்டும் அஞ்ச வேண்டியதில்லை.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்துக்காகவா, சிறுநீரகத்துக்காகவா, சர்க்கரைக்காக மட்டுமா, எதற்காக அதை எழுதினார் என்று கேளுங்கள். கடைசியது மட்டும்தான் என்றால் மாற்று உண்டு. முதலிரண்டில் ஒன்று என்றால், தொற்றை முழுமையாகக் குணப்படுத்திவிட்டுத் தொடர முடியுமா என்றுதான் முதலில் பார்ப்போம்.

இப்போது நீங்கள் குறிப்பிடாத ஒரு ஆபத்து. ஃப்ளூகோனசோலும் கிளிமிபிரைடும் ஒன்றாகச் சேரும்போது எச்சரிக்கை வேண்டும். கிளிமிபிரைடைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை ஃப்ளூகோனசோல் மட்டுப்படுத்துகிறது. அதனால் கிளிமிபிரைடு உடலில் கூடுதல் நேரம் நின்று சர்க்கரையை எதிர்பாராமல் தாழ்த்தலாம். ஃப்ளூகோனசோல் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 30 மணி நேரம் ஆகும் என்பதால் இந்த விளைவு மாத்திரை விழுங்கிய நாளோடு முடிவதில்லை. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இதே வழியில் இரத்தக்கசிவு நேரலாம். கர்ப்பிணிகளுக்கு வாய்வழி ஃப்ளூகோனசோலைத் தவிர்த்து, ஏழு நாள் களிம்போ உள்வைப்பு மாத்திரையோதான் கொடுக்கிறோம். மருந்துக்கடை மேசையில் இவற்றையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

அந்தக் களிம்பின் உறையைத் தயவுசெய்து எடுத்துப் படியுங்கள். பூஞ்சை மருந்தோடு பெட்டமெத்தசோனோ க்ளோபெட்டசாலோ எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பு. போட்ட இரண்டாம் நாளே அரிப்பு நின்றுவிடும். பூஞ்சையோ ஸ்டீராய்டின் நிழலில் வளர்ந்துகொண்டிருக்கும். படர்தாமரைக்கு இவற்றைப் பூசி உடல் முழுவதும் பரப்பிக்கொண்டு வருவோரைத் தினமும் பார்க்கிறேன். மார்பக மடிப்புக்கு க்ளோட்ரிமசோல் மட்டும் உள்ள களிம்பு போதும். மடிப்பை உலர்வாக வைத்து, பருத்தி உள்ளாடை அணிந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஓராண்டுக்குள் மூன்று முறைக்கு மேல் வந்தால் அதை மீள்தொற்று என்று தனியாக நடத்துகிறோம். அல்பிகன்ஸ் என்று உறுதியானால் ஒற்றை மாத்திரைக்குப் பதில் 1, 4, 7ஆம் நாட்களில் மூன்று, பின்னர் வாரத்துக்கு ஒன்று என ஆறு மாதம் தருவது வழக்கம். உங்களுக்கு அது கிளிமிபிரைடைச் சரிசெய்யாமல் தரக்கூடியதன்று. கிளாப்ரேட்டா என்றால் வேறு பாதை. தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயோடு இத்தொற்றும் உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் கிளாப்ரேட்டாவே காணப்பட்டது; அவர்களுக்கு 600 மில்லிகிராம் போரிக் அமிலத்தை 14 நாள் உள்ளே வைத்தது, ஒற்றை ஃப்ளூகோனசோல் மாத்திரையைவிடத் தெளிவாக நல்ல பலன் தந்தது. அதனால்தான் வளர்ப்புச் சோதனையை நானும் வலியுறுத்துகிறேன்.

அரிப்பெல்லாம் ஈஸ்ட் என்றும் எண்ணிவிட வேண்டாம். மீன் கவிச்சி வீசும் நீர்த்த கசிவு பாக்டீரியாவால் வருவது. மஞ்சளும் பச்சையும் கலந்து நுரைத்தால் ட்ரைக்கோமோனஸ் என்ற ஒட்டுண்ணி. உங்கள் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைவால் வரும் வறட்சியும், தோல் வெளுத்து மெலியும் லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற நோயும் இதே போல அரிக்கும். கணவருக்குத் தொந்தரவு இல்லையென்றால் அவருக்கு மருந்து தேவையில்லை. இதைப் பால்வினை நோயாக நாங்கள் கருதுவதில்லை.

வேப்பமரத்தடிச் சகோதரிக்கு: வெளிப்புறத்தை வேப்பிலை நீரால் கழுவுவதில் நான் குறுக்கிடமாட்டேன். ஆனால் உள்ளே எதைப் பீய்ச்சிக் கழுவினாலும், அது படிகாரமானாலும் சோப்பானாலும், எஞ்சியிருக்கும் லாக்டோபாசில்லஸையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். தயிர் சாப்பிடுவதற்கே உரியது; அதை உள்ளே வைப்பதால் தொற்று குணமாகும் என்பதற்கு நம்பத்தக்க ஆய்வுச் சான்று இல்லை. உங்களுக்கு அரிப்பு இரண்டு முறை அடங்கியது உண்மையாக இருக்கலாம். இலேசான தொற்று தானாகவும் அடங்குவதுண்டு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடையே கடும் வலி, வீக்கம், காய்ச்சல் மூன்றும் சேர்ந்தால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இவ்வகை மாத்திரை எடுப்போரில் மிக அரிதாக அந்தப் பகுதித் திசுவே அழுகும் நோய் வருவது குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது.


மறுமொழி 5
பதிவர்: காவிரிக்கரை ஆசிரியை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

மருத்துவர் ஐயாவின் பதிலைப் படித்தவுடன் என் சர்க்கரைக் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன். இரண்டாம் முறை ஃப்ளூகோனசோல் விழுங்கிய மறுநாள் காலை பதினொரு மணிக்கு வியர்த்து, கை நடுங்கி, கருவியில் 58 என்று பார்த்திருக்கிறேன். அன்று ஏகாதசி, பாதி விரதம் இருந்ததால்தான் என்று நானே முடிவு கட்டி, கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு மறந்துவிட்டேன். பக்கத்திலேயே என் கையெழுத்தில் மாத்திரையின் பெயரும் இருக்கிறது. களிம்பின் உறையில் க்ளோபெட்டசாலும் இருந்தது.

அரசு மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவரைப் பார்த்தேன். ஆசிரியையாக இருந்துகொண்டு இதைச் சொல்லவா இத்தனை மாதம் என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. வளர்ப்புச் சோதனையில் கிளாப்ரேட்டா என்றே வந்தது. என் சர்க்கரை மருத்துவரிடமும் இம்முறை எல்லாவற்றையும் சொன்னேன். சிறுநீரில் சிறிதளவு புரதம் இருப்பதால் டாபாக்ளிஃப்ளோசினைத் தொடரச் சொல்லி, கிளிமிபிரைடைப் பாதியாக்கினார்.

போரிக் அமில உறைமாத்திரைகளை இரவில் ஒன்று வீதம் பதினான்கு நாள் வைக்கும்படி எழுதிக் கொடுத்தார்கள். முதல் கடைக்காரர் கேரம் பலகைக்குப் போடும் பொடியா என்று கேட்டார். அந்தப் பொடியை வாங்கி யாரும் தாமாக முயல வேண்டாம் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். வாய்க்குள் போனால் நஞ்சு என்பதால், பேரன் கைக்கு எட்டாமல் அலமாரியின் மேல்தட்டில் பூட்டி வைத்திருக்கிறேன். பத்து இரவுகள் முடிந்தன. அரிப்பு ஆறாம் நாளே நின்றது, மார்பக மடிப்பும் உலர்ந்துவிட்டது. மருந்து முடிந்ததும் மீண்டும் ஒருமுறை கசிவை எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். என் தங்கை மட்டும் இன்னும் இட்லி சாப்பிடுவதில்லை.